உன் பாட்டு என்று நான் சொன்ன பாட்டு

இன்றைக்குத் தலவாக்கலையில் ஒரு ஃபோன் கடையில் தவளைப் பாட்டைப் போட்டார்கள். சார்ஜர் வாங்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கோமாளி நடிகன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு "கொர்ர்ர்" என்று இழுப்பானே, அந்த இடம் வந்ததும் கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். "என்னாத்த போட்டுருக்கு இது" என்று சொல்லி அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிட்டார். அதையே போடுங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்க வந்ததை வாங்காமலே பஸ் ஏறி அக்கரப்பத்தனைக்குத் திரும்பி வந்து, அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் இதை எழுதுகிறேன்.

நீ செத்து ஒரு வருசமும் இரண்டு மாதமும் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. பக்கத்துக் காம்பராவில் இருப்பவளுக்கு யார் கடுதாசி எழுதுவார்கள்? தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நீ தும்மினால் எனக்குக் கேட்கும். நான் பானையை உருட்டினால் உனக்குக் கேட்கும். செத்தவர்களுக்கு எழுதும்போது நல்லதாக நாலு வார்த்தை எழுதவேண்டும் என்பார்கள். உன்னைப் பற்றி நல்லதாக எழுத நிறைய இருக்கிறது. என்னைப் பற்றித்தான் இல்லை.

பாட்டுச் சண்டையிலிருந்தே தொடங்குகிறேன். தேயிலைக் கொழுந்து எடுக்க ஆளுக்கொரு நிரை பிடித்து மலை ஏறி, கங்காணியின் காதுக்கு எட்டாத தூரம் போனதும் அது தொடங்கிவிடும். காலத்துக்கும் நிற்கிற பாட்டு எது? ஆளுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம். இரண்டு சொன்னால் இரண்டும் செல்லாது. இந்தச் சட்டத்தைப் போட்டது நான். நடுவராக உட்கார்ந்ததும் நானேதான். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்ற திமிர் எனக்கு அப்போது அவ்வளவு இருந்தது.

மேரியக்கா வருசம் தவறாமல் மாதா பாட்டையே சொல்வாள். "சினிமாப் பாட்டெல்லாம் படம் ஓடுற வரைக்குந்தான்டி. மாதா பாட்டு எங்க பாட்டி காலத்துலேருந்து ஓடுது" என்பாள். "அது சாமி கணக்கு, போட்டியில சேராது" என்று நான் தள்ளிவிடுவேன். ஒருத்தி தாலாட்டு என்பாள், ஒருத்தி மழைப் பாட்டு என்பாள். குரலில் குறை, மெட்டில் குறை, பாடியவன் நடத்தையில் குறை என்று ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்ப்பேன். கை பாட்டுக்குக் கொழுந்தைப் பறித்துக் கூடைக்குள் போடும், வாய் பாட்டுக்கு ஆளைக் கிழிக்கும். கடைசியில் மிஞ்சி நிற்பது எப்போதும் என் பாட்டு.

என் பாட்டுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் கோச்சிப் பாட்டு. பாட்டில் ரயில் எதுவும் வராது. இந்தியாவுக்கே திரும்பிப் போகப் பதிந்தவர்களை ஏற்றிக்கொண்டு அட்டன் ஸ்டேஷனிலிருந்து கோச்சி புறப்பட்ட அந்த வருசங்களில், ஸ்டேஷன் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ரேடியோவில் ஓயாமல் அதுதான் ஓடியது. பெட்டிக்குள் இருப்பவர்களும் அழுவார்கள், வெளியே நிற்பவர்களும் அழுவார்கள், நடுவில் அந்தப் பாட்டு. அதனால் எங்கள் வயசுக்காரர்களிடம் அந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று சொன்னால் உடனே ஒன்று கேட்பார்கள்: கோச்சியில போனது யாரு? என்னிடம் கேட்டபோதெல்லாம் பாடியவரின் குரலுக்காகத்தான் பிடிக்கும் என்று சொல்லித் தப்பித்தேன்.

நீ ஒருத்திதான் என் பாட்டோடு மல்லுக்கு நின்றவள்.

"அழுவுற பாட்ட எதுக்குடி தூக்கி வச்சிக்கிட்டு இருக்க? நம்மளுக்கு அழ வேற காரணமா இல்ல?"

"சிரிப்புக் காட்டுறதெல்லாம் பாட்டாடி? அது கூத்து."

"கூத்தா இருந்துட்டுப் போவுது. எனக்குத் தவளப் பாட்டுதான். எத்தன தடவ கேட்டாலும் அதான்."

நிரை முழுக்கச் சிரிப்பார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். தோற்றுவிட்டோம் என்ற கவலையே உன் முகத்தில் இருக்காது. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் நல்ல மழை. மழைக்குப் போர்த்துகிற ஒரே பிளாஸ்டிக் ரெட்டை இரண்டு பேர் தலையிலும் போட்டுக்கொண்டு, சவுக்கு மரத்தடியில் ஒண்டி நின்றோம். நமக்குப் பதினெட்டு வயசு. அன்றைக்கு நான் உன்னிடம் ஒரு பெயரைச் சொன்னேன். பட்டிப்பொலைப் பக்கத்திலிருந்து நம் தோட்டத்துக்கு உறவுக்காரர் வீட்டுக்கு வந்துபோனவன். தாய் தகப்பனோடு கோச்சி ஏறிப் போனவன். போய் ஒரு கடுதாசி கூடப் போடாதவன். நான் சொல்லி முடித்து அழுதேன். நீ ரெட்டை என் பக்கம் இழுத்துவிட்டு, உன் தோள் நனைய நின்றாய்.

பிறகு நீ உன் கதையைச் சொன்னாய். உன் அம்மா செத்த பிறகு உன் அப்பா சிரித்ததே இல்லை. மலையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டும் வேலை, வீட்டுக்கு வந்தால் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு என்ன தோன்றியதோ, உன்னை அட்டனுக்குப் பகல் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தவளைப் பாட்டு வந்ததும் மனுசர் சிரிக்கத் தொடங்கினார். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. புரையேறி இருமி, கண்ணில் தண்ணீர் வர, முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். பஸ்ஸில் வரும்போது உன் காதுக்குள் "கொர்ர்ர்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த வருசம் முடியுமுன் அவரும் போய்விட்டார்.

"எங்கப்பா சிரிச்சு நா பாத்தது அந்த ஒரு நாளுதான்டி. யாருகிட்டயும் சொல்லிறாத" என்றாய்.

நான் சொன்ன பெயரை நீ நாற்பது வருசம் காப்பாற்றினாய். நான் உன் கதையை ஒரு நாள் கூடக் காப்பாற்றவில்லை. மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நின்றபோது, என்ன பிசாசு பிடித்ததோ, எல்லோருக்கும் கேட்கும்படி "இவங்கப்பா தியேட்டர்ல எப்புடி சிரிச்சாரு தெரியுமா?" என்று ஆரம்பித்து, உன் அப்பா போலவே இருமி, தவளை போலக் கத்திக் காட்டினேன். நன்றாகத்தான் நடித்தேன். சிரிக்காதவர்கள் இல்லை. கணக்கப்பிள்ளை கூடத் தராசை விட்டுவிட்டுச் சிரித்தார். நீ கூடையை அப்படியே கீழே போட்டுவிட்டுப் போனாய். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்த நேரத்தில் என் கதையை நீ ஒரு வார்த்தை எடுத்து விட்டிருந்தால் நான் அன்றோடு செத்திருப்பேன். நீ விடவில்லை. அதற்காகவும் எனக்கு உன் மேல் கோபம் வந்தது.

மூன்று மாதம் நீ என்னோடு பேசவில்லை. பெண்கள் ஒரு வாரம் உன்னைப் பார்த்துத் தவளை போலக் கத்திவிட்டு மறந்துபோனார்கள். சமாதானம் பேச நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அப்போது லயத்துக்காரர்களுக்கு ரேடியோ நேயர் விருப்பத்துக்கு அட்டை எழுதிக் கொடுப்பது நான்தானே. உன் பெயரில் ஒரு அட்டை எழுதுகிறேன் என்று சொன்னேன். நீ உடனே இறங்கி வந்துவிட்டாய், அவ்வளவுதான் உன் வீராப்பு.

"தவளப் பாட்டுதானே எழுதுன?"

"அதான்டி."

எழுதியது கோச்சிப் பாட்டு. என் பெயரில் அதைக் கேட்க எனக்குத் துணிச்சல் கிடையாது. உன் பெயரில் கேட்டுவிட்டேன். ரேடியோவில் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, உன் பெயரைச் சொல்லி, அந்தப் பாட்டைப் போட்டார்கள். லயமே கேட்டது. நீ வாசல் இஸ்தோப்பில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்து, "பரவாயில்லடி. எம்பேரு ரேடியோவுல நல்லாத்தான் இருக்கு" என்றாய். உனக்கு எல்லாம் புரிந்திருந்தது. ஒரு அறை விட்டிருக்கலாம் நீ.

பிறகு உனக்கு உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வந்தார். எனக்கும் கலியாணம் ஆனது. இரண்டு பேருமே பிறந்த காம்பராக்களிலேயே தங்கிவிட்டோம். பிள்ளைகள், வேலை, மழை, அட்டைக் கடி, எல்லாம் வந்தன. நிரையில் பாட்டுச் சண்டை மட்டும் நிற்கவில்லை. உன்னிடம் கேட்டால் மட்டும், "எனக்கு எல்லாப் பாட்டும் ஒன்னுதான்" என்பாய். அப்படியென்றால் நான் ஜெயித்துவிட்டேன் என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாள் நீ தனியாகச் சட்டி கழுவிக்கொண்டு தவளைப் பாட்டை முணுமுணுத்தது சுவர் வழியாகக் கேட்டது. நான் சுவரைத் தட்டி "கொர்ர்ர்" என்றேன். நீ நிறுத்திவிட்டாய். அதற்குப் பிறகு உன் வாயிலிருந்து அந்தப் பாட்டை யாரும் கேட்டதில்லை. உன் வீட்டுக்காரரும்தான்.

போன வருசம் கொழுந்து நிறுக்கிற அதே வரிசையில் எனக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

நம் தோட்டத்தில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது, நீயும் பார்த்திருக்கிறாய். பெட்டியை லயத்திலிருந்து தூக்குமுன் தப்பு மேளத்தை நிறுத்திவிட்டு, போகிறவருக்கு உயிரோடு இருந்தபோது ரொம்பப் பிடித்த ஒரு பாட்டை ஸ்பீக்கரில் போடுவார்கள். அது முடியும் வரை யாரும் பேசக்கூடாது. அதன் பிறகுதான் தோள் கொடுப்பார்கள். உன் மகள் கொழும்பிலிருந்து வந்து இறங்கி, அழுத முகத்தோடு என்னிடம்தான் வந்தாள்.

"சின்னம்மா, அம்மாவுக்கு எந்தப் பாட்டு ரொம்பப் புடிக்கும்? அப்பாவுக்குத் தெரியலையாம். ஒங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரியும். நிரையில் சிரித்தவர்களெல்லாம் எப்போதோ மறந்துவிட்டார்கள், இனி உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். உன்னைச் சுற்றி அத்தனை பேர் நின்றார்கள், தோட்டத்துத் தொரை கூட வந்திருந்தார். அந்த இடத்தில் தவளை கத்தினால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிசம் யோசித்தேன். கோச்சிப் பாட்டைச் சொன்னேன். உன் மரியாதையைக் காப்பாற்றச் சொன்னதாக அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். நாற்பது வருசமாகத் தோற்றுக்கொண்டே சிரித்த உன்னை ஒரு தடவை வாயடைக்க வைக்கவேண்டும் என்று இருந்தது. நீ பதில் சொல்ல முடியாமல் படுத்திருந்தாய். பாட்டு ஓடியது. கிழடுகள் எல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். நானும் அழுதேன், என் ஆளை நினைத்து. உன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவனுக்காக அழுதேன். உன் வீட்டுக்காரர் மட்டும் அழவில்லை. தலையை நிமிர்த்தி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். துக்கத்தில் மனுசர் உறைந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் என் இஸ்தோப்புக்கு வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார்.

"தங்கச்சி, ஒன்னு கேக்குறேன், மறைக்காம சொல்லு. கோச்சியில போனது யாரு?"

எனக்கு உயிரே போய்விட்டது. என்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். உள்ளே என் வீட்டுக்காரர் படுத்திருந்தார்.

"அவளுக்கு அந்தப் பாட்டு அவ்வளவு புடிக்கும்னா, முப்பது வருசத்துல ஒரு தடவ கூட எங்கிட்ட சொல்லலியே. ஒரு தடவ பாடுனது கூட இல்ல. அப்ப யார நெனச்சு ஒளிச்சு வச்சிருந்தா?"

"அண்ணே, நீங்க நெனக்கிற மாதிரி ஒன்னுமில்ல."

"மேரியக்கா சொன்னாங்க. கொமரியா இருக்கப்பவே அவ அந்தப் பாட்ட ரேடியோவுல கேட்டு, பேரு கூட வந்துச்சாமே."

அன்றைக்கு நான் உண்மையைச் சொன்னேன் என்று உனக்குத் தெரியவேண்டும். பாதியைச் சொன்னேன். உனக்குப் பிடித்தது தவளைப் பாட்டு, அப்பா சிரித்தது, பகல் காட்சி, எல்லாவற்றையும் சொன்னேன். சாவு வீட்டில் அதைப் போட வெட்கப்பட்டு மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார், அப்படி ஒரு சிரிப்பை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

"தவளப் பாட்டா? அவளுக்கா?"

"சத்தியமாண்ணே."

"அப்ப ரேடியோவுல கேட்டது?"

அதை எழுதியது நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏன் எழுதினாய் என்பதுதான் அடுத்த கேள்வி. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. என் வீட்டுக்காரர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். கால் விழுந்து நான்கு வருசமாகப் படுக்கையில் கிடக்கிற மனுசனுக்குக் காது மட்டும் நன்றாக வேலை செய்கிறது. "தேத்தண்ணி ஊத்தவாண்ணே?" என்று மறுபடி கேட்டேன்.

உன் வீட்டுக்காரர் எழுந்தார். "நீ நல்ல கூட்டாளி தங்கச்சி. செத்த பெறகும் அவள விட்டுக் குடுக்க மாட்டேங்குற" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் உன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். படம் மாட்ட ஆணி அடித்த சத்தம் முன்பு எனக்குக் கேட்டிருந்தது, பிடுங்கிய சத்தமும் கேட்டது. உன் சேலைகளை மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்தார். வருசப் படையலுக்கு முதல் நாள், கூடப்பிறந்த தங்கச்சி வீட்டில் வேலை இருக்கிறது என்று உடப்புசல்லாவைக்குப் போய்விட்டார். முப்பது வருசம் அவருக்குச் சோறாக்கிப் போட்டவளுக்கு ஒரு இலை போட மனுசன் இருக்கவில்லை. அவரைத் திட்டலாம் என்று பார்த்தால் திட்டுகிற தகுதி எனக்கு எங்கே இருக்கிறது? சுவருக்கு அந்தப் பக்கம் போய் ஒரு வாக்கியம் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். 'அண்ணே, அது எம் பாட்டு.' நாலே வார்த்தை. தினமும் காலையில் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். பிறகு என் வீட்டுக்காரருக்கு முகம் கழுவிவிடப் போவேன். நீ செத்துவிட்டாய், உனக்கு இனி என்ன வலிக்கப்போகிறது, நான்தான் இந்த லயத்தில் இருந்து தொலைக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இப்படித்தான் நினைத்தேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

படையலை உன் மகள் தனியாகச் சமைத்தாள். கழற்றிய படத்தைத் தேடி எடுத்துத் துடைத்து, பூப் போட்டு வைத்திருந்தாள். நான் போய்த் தேங்காய் துருவிக் கொடுத்தேன். படைத்து முடித்து இரண்டு பேரும் இலையில் உட்கார்ந்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"அப்பா எல்லாம் சொன்னாரு சின்னம்மா. எனக்கு அம்மா மேல கோவமில்ல. கலியாணத்துக்கு முன்னாடி யாரோ இருந்தா இருந்துட்டுப் போவட்டும். அம்மாவும் மனுசிதானே. பாவம், மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டு எவ்வளவு கஸ்டப்பட்டிருப்பாங்க."

நீ செய்யாத ஒன்றுக்கு உன் மகள் உன்னை மன்னித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழகாக மன்னித்தாள். நான் படுகிற பாட்டைத்தான் அவள் சொன்னாள், வார்த்தைக்கு வார்த்தை. என்னிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு, "ஆமா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவரு பேரு என்னா சின்னம்மா? அம்மா ஒங்ககிட்ட சொல்லியிருப்பாங்கல்ல?"

சொன்னேன். அந்த மழையில் உன்னிடம் சொன்னதற்குப் பிறகு இந்த நாற்பது வருசத்தில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. உன் மகள் அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். நல்ல பேரு என்றாள். எப்படி இருப்பார் என்று கேட்டாள், நெற்றித் தழும்பு வரை சொன்னேன். உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, உன் பெயரை வைத்து, இலைச் சோறு ஆறும்வரை அவனைப் பற்றிப் பேசினேன். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அடுத்த மாதம் அவள் மறுபடி வருகிறாளாம். நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.